முட்டி உயரப் பைக்: எதை வாங்குவது, எதை விடுவது

பாக்கெட் பைக்கில் முதல்முறை உட்காரும் பெரியவரைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. சீட் தரையிலிருந்து ஒன்றரை அடிதான். முழங்கால் இரண்டும் அக்குள் வரை ஏறி நிற்கும், முழங்கை அதில் போய் இடிக்கும், பாதம் வைக்கும் கட்டை எங்கே என்று குனிந்து தேட வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து முறுக்கினால், முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் மட்டும் கொசு மாதிரி கத்தியது. அப்புறம் கிளட்ச் பிடித்தது. அவ்வளவுதான், சுற்றி நின்றவர்களின் சிரிப்பெல்லாம் காதிலேயே விழவில்லை. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகம் என்பது பெரிய பைக்கில் 100-ல் போவது போல இருக்கிறது.

அந்த ருசியில் அடுத்த வாரமே ஒரு வண்டி வாங்கினேன். தப்பான வண்டி. அது ஏன் தப்பு என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் இந்தக் குட்டி உலகத்தில் இருக்கிற மற்ற வண்டிகளையும் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்டிப் பார்த்துவிட்டேன். வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு அந்தக் கதை உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘மினி பைக்’ என்ற ஒரே பேரில் ஐந்தாறு வகை வண்டிகள் உலவுகின்றன. ரேஸ் பைக்கைச் சுருக்கி வைத்தது போன்ற பாக்கெட் பைக் ஒன்று. பிள்ளைகள் ரேஸ் பழக 10 அங்குலச் சக்கரத்தில் வரும் மினி ஜிபி வண்டி ஒன்று. 12 அங்குலச் சக்கரத்தில் பழைய ஜப்பானிய குட்டி ரேஸர்களும் பிட் பைக்குகளும். நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டக்கூடிய ஹோண்டா மங்கி, க்ரோம் வகை. பிள்ளைகளுக்கான மண் பைக். இப்போது மின்சார வண்டிகள். விளம்பரப் படத்தில் எல்லாம் ஒன்று போலத் தெரியும். கையில் வந்தபின் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

சிசி எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு என்று தொடங்குபவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை எங்கே ஓட்டப் போகிறோம்? பாக்கெட் பைக்கும் மினி ஜிபி வண்டியும் ரோட்டுக்கானவை அல்ல. லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, பெரும்பாலான நாடுகளில் பதிவும் செய்ய முடியாது. சட்டத்தை விடுங்கள், கார் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நீங்கள் பானட்டுக்குக் கீழே இருப்பீர்கள். ஆகவே கோ-கார்ட் டிராக் வேண்டும், அல்லது அனுமதியோடு பூட்டிக்கொண்டு ஓட்டக்கூடிய நல்ல தார்த்தளம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் இதற்கு மேல் பாக்கெட் பைக்கைப் பற்றிப் படித்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நேராகப் பிட் பைக் பகுதிக்குப் போய்விடலாம்.

பாக்கெட் பைக்: ஒரே உருவம், இரண்டு சாதி

இது நீளத்தில் ஒரு மீட்டர், எடையில் 20 கிலோ சொச்சம். ஒரு கையால் தூக்கிக் காரின் டிக்கியில் வைத்துவிடலாம். கியர் இல்லை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று எதுவுமே இல்லை. டயரின் ரப்பரும் ஃபிரேமின் நெளிவும்தான் சஸ்பென்ஷன். சக்கரம் 6.5 அங்குலம். அந்தச் சக்கரத்துக்கு ஒரு ஜல்லிக்கல் என்பது பெரிய பைக்குக்கு ஒரு செங்கல் மாதிரி. அதனால்தான் தளம் நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

ஒல்லியான உடம்பைப் பார்த்து பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. இத்தாலியில் இதற்கு மினிமோட்டோ என்று பேர். பைக் ரேஸில் பின்னாளில் உலக சாம்பியன்களான மூன்று பேரைப் பாருங்கள். வலென்டினோ ரோஸி கோ-கார்ட்டில் தொடங்கி மினிமோட்டோவுக்கு வந்தவர். மார்கோ சிமோன்செல்லி 1999, 2000 இரண்டு ஆண்டும் இத்தாலிய மினிமோட்டோ சாம்பியன். ஜப்பானின் டைஜிரோ கடோ சின்னஞ்சிறு வயதில் பாக்கெட் பைக்கில் தொடங்கியவர். காரணம் எளிது. பெரிய பைக்கில் வண்டி 180 கிலோ, ஓட்டுபவர் 70. இங்கே வண்டி 20, ஓட்டுபவர் 70. உடம்பை ஒரு சாண் உள்ளே சாய்த்தால் வண்டி உடனே பதில் சொல்லும், தப்பாகச் சாய்த்தாலும் அதே வேகத்தில் சொல்லும். வளைவில் எப்போது பிரேக்கை விடுவது, கண்ணை எங்கே வைப்பது என்பதெல்லாம் இதில் சீக்கிரம் பழகிவிடும்.

இனி சாதி விஷயம். ஒரு பக்கம் பொலினி, டிஎம், ஜிஆர்சி போன்ற இத்தாலியத் தயாரிப்புகளும் செக் நாட்டு பிளாட்டாவும். பெரும்பாலும் 40 சிசிக்குள் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். காற்றில் குளிரும் சாதா வகை 4 குதிரைத்திறன் வாக்கில் கொடுக்கும், தண்ணீரில் குளிரும் ரேஸ் வகை 10-ஐத் தாண்டும். இன்னொரு பக்கம், அவற்றைப் பார்த்துச் செய்த 47, 49 சிசி மலிவு நகல்கள். நகலில் சிசி அதிகம், சக்தி குறைவு. அசல் ரேஸ் வண்டி ஒன்றின் விலையில் நகல்கள் ஒரு கூடை வாங்கலாம். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

என் வண்டி பளபளவென்று வந்தது. இரண்டாம் நாள் ஸ்டார்ட்டர் கயிறு கையோடு வந்துவிட்டது. உள்ளே கயிற்றைப் பிடித்துச் சுற்றும் பல் பிளாஸ்டிக், மழுங்கிப் போயிருந்தது. மூன்றாம் வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலென்சர் கழன்று காலில் பட்டது, போல்ட்டைக் காணோம். மீதி போல்ட்டுகளை இறுக்கப் போனால், ஸ்பேனர் வைத்ததும் தலை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. செயின் வேறு அடிக்கடி கழன்றது. எஞ்சின் மவுண்ட் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் நேர்க்கோட்டில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. இரும்பு ஸ்கேல் ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட்டோடு ஒட்டி வைத்து முன்னால் நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்காக நகல் வண்டியை அடியோடு ஒதுக்கவும் மனமில்லை. அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியதில் கார்புரேட்டரும் கிளட்சும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும் என்றால், வாங்கியவுடன் எல்லா போல்ட்டையும் கழற்றி நல்ல போல்ட் போட்டு, ஸ்டார்ட்டரை உலோகப் பல் வைத்ததாக மாற்றி, பிரேக் கேபிளைப் புதுசாக்கிவிட்டு ஓட்டலாம். வார இறுதி வேடிக்கைக்குப் போதும். ரேஸ் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த நகலை நினைக்கவே வேண்டாம். டிராக்கில் அசல் வண்டி உங்களைச் சுற்றுக்கொரு தடவை கடந்து போகும். வேகம் மட்டும் காரணமில்லை, வளைவின் நடுவில் அதன் ஃபிரேம் திருகாது.

எந்தச் சாதியானாலும் இரண்டு பழக்கம் கட்டாயம். முதலாவது ஆயில். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. தயாரிப்பாளர் சொன்ன அளவைக் கண்ணால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்து பாட்டிலோடு வரும் மூடியிலாவது அளந்து ஊற்ற வேண்டும். ஆயில் விஷயத்தில் இன்னொன்று, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முழு வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடிவிட்டு அப்படியே உருள விட்டால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்ரோலும் வராது, அதோடு வரவேண்டிய எண்ணெயும் வராது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

இரண்டாவது கிளட்ச். இன்ஜின் வேகம் ஏறும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து வெளிக்கிண்ணத்தைப் பிடிக்கும், அதுதான் இதில் கிளட்ச். மெதுவாக ஊர்ந்துகொண்டே அரை முறுக்கில் வைத்திருந்தால் அது பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். வண்டியோடு நண்பர்களுக்குப் பக்கத்தில் நடை வேகத்தில் பேசிக்கொண்டே போவது பார்க்க அழகாக இருக்கும், கிளட்சுக்கு எமன்.

பழைய வண்டியைத் திறந்து பார்ப்பது

அசல் பாக்கெட் பைக் வாங்க ஆசை, கையில் காசு குறைவு என்றால் பழைய வண்டிதான் வழி. புது நகலைவிடப் பழைய அசல் மேல் என்பது என் உறுதியான எண்ணம். பார்க்க வேண்டியது பெயிண்ட்டையோ ஸ்டிக்கரையோ அல்ல. ஒரு ஸ்பேனரும் சின்ன டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு சைலென்சரைக் கழற்றுங்கள், இரண்டு நட்டுதான். இப்போது சிலிண்டரில் ஒரு ஜன்னல் தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தால் அந்த ஜன்னல் வழியே பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால் இன்ஜின் ஒருமுறையாவது பிடித்திருக்கிறது. விற்பவர் என்ன கதை சொன்னாலும் அந்தக் கோடுகள் பொய் சொல்லாது. கழற்றிய பிளக்கின் நுனி தேநீர்த் தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. சாம்பல் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதாமல் சூடாக ஓடியிருக்கிறது.

அப்படியே கிளட்ச் கிண்ணத்தைப் பாருங்கள், நீலம் பூத்திருந்தால் வெந்துபோன கிளட்ச். ஸ்ப்ராக்கெட் பற்கள் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். இவையெல்லாம் காசு கொடுத்தால் சரியாகிவிடும். ஹேண்டில்பார் வந்து சேரும் கழுத்துப் பகுதியில் வெல்டிங் ஓரத்தில் முடி போன்ற விரிசலோ புது பெயிண்ட் பூச்சோ தெரிந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

10 அங்குலம், 12 அங்குலம்

பிள்ளையை உண்மையிலேயே ரேஸில் விடப் போகிறீர்கள் என்றால் இன்றைக்கு மினி ஜிபி வகைதான் நேர்வழி. 2021-ல் உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் மினி ஜிபி உலகத் தொடர் தொடங்கியபோது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே வண்டி என்று வைத்தார்கள்: இத்தாலியின் ஓவாலே ஜிபி-0 160. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், கையால் பிடிக்கும் கிளட்ச், காலால் மாற்றும் கியர், உண்மையான சஸ்பென்ஷன். 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதைவிடச் சிறியவர்களுக்கு 110-ம், பெரியவர்களுக்கு 190-ம் இருக்கின்றன. பாக்கெட் பைக்கில் கற்றது உடம்பைச் சாய்க்க உதவும். கியரை இறக்கிக்கொண்டே பிரேக் பிடிப்பதை இதில்தான் கற்கலாம், பெரிய பைக்குக்குப் போகும்போது தேவைப்படுவதும் அதுதான். எல்லோருக்கும் ஒரே வண்டி என்பதால் அப்பாவின் பணப்பை ரேஸ் ஓட்டாது. சரி, முழுக்க ஓட்டாது என்று சொல்ல மாட்டேன், டயர் செலவு என்று ஒன்று இருக்கிறது. நடுத்தர உயரமுள்ள பெரியவரும் இதில் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறது. பெரிய பைக்கில் டிராக்குக்குப் போகிறவர்கள் பயிற்சிக்கென்றே இதை வாங்குவதைப் பார்க்கிறேன். விலைதான் கசக்கும்.

அந்தக் கசப்பு வேண்டாதவர்களுக்கு 12 அங்குலப் பழசுகள் உண்டு. ஹோண்டா என்எஸ்ஆர்50 1987-ல் வந்தது: 49 சிசி, தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். பார்க்க 500 சிசி கிராண்ட் பிரி ரேஸ் வண்டியைச் சலவையில் சுருக்கியது போல இருக்கும். பின்னாளில் வந்த என்எஸ்எஃப்100 நான்கு ஸ்ட்ரோக், ரேஸ் டிராக்குக்கென்றே செய்தது. இவற்றில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்று எழுதத்தான் ஆசை. என்எஸ்ஆருக்குச் சிலிண்டர் தேடி அலைந்த நண்பர் ஒருவர் இதைப் படித்தால் திட்டுவார். உற்பத்தி நின்றுபோன வண்டி, உதிரிப்பாகம் வருடா வருடம் அரிதாகிறது. காதல் இருந்தால் வாங்குங்கள், காதலோடு ஒரு பெட்டி ஸ்பேரும் சேர்த்து.

பிட் பைக்கின் கதை நேர் எதிர். ரேஸ் திடல்களில் கூடாரத்துக்குக் கூடாரம் போய்வர வைத்திருந்த குட்டி வண்டிகளிலிருந்து வந்த பேர் அது. இன்ஜின் 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வழிவந்த படுக்கை வகை. சிலிண்டர் முன்னால் பார்த்துப் படுத்திருக்கும். உலகம் முழுக்க அந்த வடிவத்தில் இன்ஜின் செய்துகொண்டிருப்பதால் பிஸ்டன், கார்புரேட்டர், கிளட்ச் தட்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஏதாவது கிடைத்துவிடும். 125 முதல் 160 சிசி வரை பரவலாக வருகிறது. முன்னால் 14, பின்னால் 12 அங்குல மண் டயரோடு வாங்கினால் தோட்டம், காடு, மேடு பள்ளம் எதிலும் ஓடும். அதே வண்டிக்கு இரண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரமும் தார்த்தளத்துக்கான வழவழப்பான ஸ்லிக் டயரும் போட்டால் கார்ட் டிராக்குக்குத் தயார். ஒரே வண்டி, இரண்டு ஜோடிச் சக்கரம். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமலா? மலிவு வண்டிகளின் முன் ஃபோர்க் எண்ணெய் கசியும், பின் ஷாக் துள்ளும். இன்ஜினில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் முன்னேபின்னேதான் ஆயில் இருக்கும், அதுவும் சீக்கிரம் கறுக்கும். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பெரிய பைக் பழக்கத்தில் ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்களின் இன்ஜின், வால்வைத் திறக்கும் கேம் பகுதியில் கடகடவென்று பாடும்.

ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்றால்

மங்கியின் தொடக்கம் ஒரு கேளிக்கைப் பூங்கா. 1961-ல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் டாமா டெக் என்ற இடத்தில் சிறுவர் ஏறி ஓட்ட ஹோண்டா செய்த வண்டி அது. 5 அங்குலச் சக்கரத்தில் பெரியவர்கள் உட்கார்ந்தபோது குரங்கு உட்கார்ந்தது போல இருந்ததால் அந்தப் பேர் என்பார்கள். 1967-ல் விற்பனைக்கு வந்த மாடலில் ஹேண்டில்பாரை மடக்கிக் கார் டிக்கியில் போடலாம். இன்றைய மங்கி 125 (2018) உருவத்தில் தாத்தாவை ஞாபகப்படுத்தும், அளவில் அல்ல. அதன் சொந்தக்கார அண்ணன் க்ரோம் 2013-லேயே வந்தது. இரண்டும் 100 கிலோவைத் தாண்டும், 12 அங்குலச் சக்கரம், லைட், நம்பர் எல்லாம் உண்டு.

‘வேடிக்கைக்கு’ என்று ஒருவர் கேட்டால், அதிலும் கார்ட் டிராக் பக்கத்தில் இல்லாதவர் கேட்டால், நான் க்ரோமைத்தான் சொல்வேன். காலையில் காய்கறி வாங்கப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் கழற்றிவிட்டு டிராக்கில் விடலாம். க்ரோமுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன, ஜப்பானில் ஹோண்டாவின் ரேஸ் பிரிவான எச்ஆர்சியின் பேரிலேயே ஒரு கோப்பை இருக்கிறது. பாக்கெட் பைக்கின் அந்தத் தரையை உரசும் கிறுக்கு மட்டும் இதில் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாக்கெட் பைக் வாங்கும் அப்பாக்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. ரேஸ் பள்ளியின் மேற்பார்வை இருந்தால் வேறு. வீட்டில் தொடங்குவதற்கு மண்தான் நல்லது, விழுந்தால் தோல் அவ்வளவாக உரியாது. யமஹா பிடபிள்யூ50 1980-களின் தொடக்கத்திலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்பதை ஒரு திருகால் கட்டுப்படுத்தலாம். செயினுக்குப் பதில் மூடிய ஷாஃப்ட், விரல் மாட்டாது. ஆயிலைத் தனித் தொட்டியில் ஊற்றினால் போதும், கலக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ஹோண்டா சிஆர்எஃப்50எஃப்: மூன்று கியர், கிளட்ச் பிடிக்காமலே மாற்றலாம்.

ஐந்து வயதைவிடச் சிறியவர்களுக்கு மின்சாரம்தான் இப்போது என் முதல் தேர்வு. ஸ்டேசிக் போன்ற மின்சார பேலன்ஸ் பைக்கில் பெடல் இல்லை. முதலில் மோட்டாரை அணைத்து வைத்து காலால் தள்ளியே ஓட்டவிட்டு, சமநிலை வந்தபின் குறைந்த வேகத்தில் மோட்டாரைப் போடலாம். சத்தம் இல்லை, சுடும் சைலென்சர் இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: பிள்ளை விழப்போகும்போது ஹேண்டிலை இறுகப் பிடிக்கும், பிடித்தால் முறுக்கும், மின்சார மோட்டார் அந்த நொடியே இழுக்கும். வேக அளவை மாற்றும் வசதி இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். மணிக்கட்டில் மாட்டினால் கீழே விழுந்ததும் மோட்டாரை நிறுத்தும் கயிறு இருந்தால் இன்னும் நல்லது. ரேஸுக்கு மின்சாரம் எப்படி என்று கேட்டால், இரண்டாவது பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

உடைகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. தரை பக்கம்தானே என்று அரைக்கால் சட்டையில் ஓட்டியவரின் முழங்காலைப் பார்த்திருக்கிறேன். முழு ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ், முதுகுக் கவசம். பிள்ளைக்குப் பெரியவர் ஹெல்மெட்டைப் பஞ்சு வைத்து மாட்டாதீர்கள், அந்தப் பாரம் கழுத்துக்கு ஆகாது.

வாங்கும் முன் நான் செய்யத் தவறிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகப்போகும் டிராக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு போய், அங்கே எந்த வண்டிகள் அதிகம் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். ஐந்து பேர் பிட் பைக் வைத்திருந்தால் அங்கே பிட் பைக் கிளட்ச் ஸ்பிரிங் இரவல் கிடைக்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவு சொல்லித்தர ஆள் கிடைக்கும், கூட ஓட்டத் துணையும் கிடைக்கும். நான் போன டிராக்கில் எல்லோரும் 12 அங்குலத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முட்டி உயர நகலோடு நின்றேன், அவர்களோடு சேர்ந்து ஓட டிராக் விதியும் இடம் தரவில்லை. அவர்கள் இறங்கியபின் கிடைத்த பத்து நிமிடங்களில் தனியாகச் சுற்றினேன்.

இப்போது என்னிடம் 150 சிசி பிட் பைக் ஒன்று இருக்கிறது, இரண்டு ஜோடிச் சக்கரத்தோடு. அந்தப் பழைய நகலை விற்கவில்லை. யார் வந்து பார்த்தாலும் சைலென்சரைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள், பிஸ்டனில் மூன்று கோடு இருக்கிறது.